அறுபது வேலை, வாரத்துக்கு ஆறு மணி நேரம்

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் நான்கறை மறுவிற்பனை வீடு வாங்குகிறோம். விண்ணப்பத்தை வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) இப்போதுதான் ஏற்றுக்கொண்டது. ஆகஸ்ட் கடைசியில் சாவி கிடைக்கும். தை மாதம் பால் காய்ச்ச ஆசை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகன் தொடக்கநிலை 5. மாமனாரைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். கைப்பேசியில் அறுபது வேலைக்குப் பட்டியல் போட்டிருக்கிறேன். தினமும் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

முதலில் அந்தப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். நீங்கள் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியது என்றால் 'மு'. வேறொருவர் செய்து தரக் காத்திருக்க வேண்டியது என்றால் 'கா'. நீங்களே கையால் செய்து முடிக்க வேண்டியது என்றால் 'கை'. வீடு மாறும் குடும்பத்தின் பட்டியலில் பெரும்பாலும் 'கை' தான் ஆகக் குறைவாக இருக்கும். அறுபது வேலையும் உங்கள் தலையில் என்று தோன்றுவதற்குக் காரணம், மூன்றும் ஒரே வரிசையில் நிற்பதுதான். 'டைல்ஸ்' என்று ஒரு வரி எழுதியிருப்பீர்கள். அதற்குள் எந்த அளவு, எந்த நிறம் என்ற முடிவு இருக்கிறது, கடைக்காரர் சரக்கு வரவழைக்கும் காத்திருப்பு இருக்கிறது, கடைக்குப் போய்வரும் சனிக்கிழமை மதியம் இருக்கிறது. இரவு ஒன்பதரை மணிக்குக் களைத்துப்போய் அந்த வரியைப் பார்த்தால் எதைச் செய்வது என்று தெரியாது. அப்போது பட்டியலை மூடத்தான் தோன்றும்.

இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறுவேறு. முடிவுகளுக்குக் கடைசி நாள் வேண்டும். காத்திருப்புகளை ஆக முதலில் தொடங்கிவைக்க வேண்டும். கைவேலையை, கிடைக்கும் இடைவெளியில் செருகிக்கொள்ளலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கைவேலை எளிது என்பதால் பழைய துணிகளை மடித்துப் பெட்டியில் போடுவதில் ஜூலை போய்விடும், ஆறு வாரம் ஆகும் அலமாரிக்கு நவம்பரில் ஆள் தேடுவார்கள்.

அடுத்தது நாள். 'தை மாதம்' என்பது தேதி ஆகாது. குடும்பத்துப் பெரியவர்களையும் குருக்களையும் கேட்டு இப்போதே ஒரு நாளைக் குறியுங்கள். தை முதல் தேதி ஜனவரி 14 அல்லது 15-இல் வரும். அதற்கு முன் மார்கழி, புதுமனை புகுவதை நம்மவர்கள் அந்த மாதத்தில் வைப்பதில்லை. கணக்குக்கு ஜனவரி 25 என்று வைத்துக்கொள்வோம். நாளைக் குறித்த கையோடு, அன்று குறைந்தபட்சம் எவையெல்லாம் இருந்தால் போதும் என்று எழுதுங்கள்: தண்ணீர், மின்சாரம், எரியும் அடுப்பு, புழங்கக்கூடிய ஒரு குளியலறை, சாமி படம் வைக்க ஓர் இடம், வருகிறவர்கள் உட்காரத் துடைத்த தரை. அவ்வளவுதான். படுக்கையறை அலமாரிக்குக் கதவு இல்லாவிட்டாலும் பால் பொங்கும். நாள் நெருங்கி வேலை இழுத்தால் எதைத் தள்ளிப்போடுவது என்பதை இந்தத் தாள் சொல்லும். பதற்றத்தில் இருக்கும்போது யோசித்தால் அது வராது, அதனால்தான் இப்போதே எழுதச் சொல்கிறேன்.

இனி பின்னோக்கிக் கணக்குப் போடலாம். இரண்டு குளியலறை, சமையலறை, தரை, வயரிங், அலமாரிகள் என்று முழுப் புதுப்பிப்புக்கு ஏறத்தாழ இப்படி வரும்:

அனுமதி வாங்க: 1 வாரம்
பழைய டைல்ஸ், சுவர் உடைத்துக் குப்பை அகற்ற: 1 வாரம்
குழாய், வயரிங்: 2 வாரம்
நீர்க்கசிவுத் தடுப்பு, டைல்ஸ் ஒட்டுதல்: 3 வாரம்
அலமாரி பட்டறையில் தயாராக: 5 வாரம் (சாயம் இதற்குள் அடித்துவிடலாம்)
பொருத்துதல், கடைசிப் பூச்சு, சுத்தம்: 2 வாரம்

மொத்தம் 14 வாரம். செப்டம்பர் முதல் வாரம் தொடங்கினால் டிசம்பர் முதல் பத்து நாளில் முடியும். ஜனவரி 25-க்கு ஆறேழு வாரம் மிச்சம். நிம்மதியாக இருக்கிறதா? சாவி கைக்கு வந்த பிறகுதான் புதுப்பிப்பு வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளரைத் தேடுவோம் என்று இருந்தால், மூன்று பேரிடம் விலை கேட்டு, திருத்தி, ஒப்பந்தம் போட ஐந்து வாரம் சுலபமாகப் போகும். அந்த மிச்சத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

இந்த வரிசையில் மாற்ற முடியாத இடங்கள் இரண்டு. தச்சு வேலைக்காரர் டைல்ஸ் ஒட்டி முடிந்த பிறகுதான் சரியான அளவு எடுப்பார். தரையும் சுவரும் ஏறிய பின் அளவு சில மில்லிமீட்டர் மாறும், அந்த வித்தியாசம் அலமாரிக் கதவில் தெரியும். ஆகவே டைல்ஸ் ஒரு வாரம் தள்ளினால் அலமாரியும் ஒரு வாரம் தள்ளும். இரண்டாவது, வயரிங். பூச்சு ஏறும் முன் வயர் சுவருக்குள் போயாக வேண்டும். இந்தச் சங்கிலியில் இல்லாத வேலைகள் (திரைச்சீலை, மின்விசிறி, சோபா) ஓரிரு வாரம் தாமதித்தாலும் நாள் தவறாது. எந்த வேலைக்குப் பதற வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைப் பிரித்துக் காட்டும் இந்த வழியைத் தொழில்துறையில் 1950-களின் பிற்பகுதியில் ஆலைக் கட்டுமானம், பராமரிப்பு வேலைகளுக்காக உருவாக்கினார்கள். வீட்டுக்கும் அதே கணக்குத்தான்.

சத்தம் வரும் வேலைக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. வீவக வீடுகளில் உடைப்பு, டைல்ஸ் வெட்டுதல் போன்றவற்றை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை கிடையாது. தீபாவளி போன்ற பெருநாள்களுக்கு முந்தின நாளும் கிடையாது. மற்ற வேலைகளுக்குத் திங்கள் முதல் சனி வரை, மாலை 6 மணி வரை. 'வாரத்துக்கு ஆறு நாள்' என்று நீங்கள் கணக்குப் போட்டிருந்தால் உடைப்பு வேலைக்கு அதை ஐந்தாக்குங்கள்.

இப்போது ஜூலை. விண்ணப்பத்தை வீவக ஏற்ற நாளிலிருந்து வீடு கைமாற ஏறத்தாழ 8 வாரம். இந்த எட்டு வாரத்தைச் சும்மா காத்திருக்கும் காலம் என்று நினைக்காதீர்கள். முடிவுகள் அத்தனையும் இதற்குள் எடுக்கப்பட வேண்டியவை. வீட்டை இன்னொரு முறை பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள், அளவுநாடாவோடு போங்கள்.

முடிவு என்றால் எவ்வளவு நுணுக்கமாக? பூசை அலமாரியை எடுத்துக்கொள்வோம். 'பூசை அலமாரி வேண்டும்' என்று குத்தகையாளரிடம் சொன்னால் அவர் அழகான பெட்டி ஒன்றை வரைந்து தருவார். நீங்கள் சொல்ல வேண்டியவை: எந்தத் திசை பார்த்து இருக்க வேண்டும், விளக்கு வைக்கும் தட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி, தினமும் தீபம் ஏற்றுவதால் அந்தத் தட்டின் மேற்புறமும் உள்கூரையும் சூடு தாங்கும் பொருளா, சாம்பிராணிப் புகை போக வழி உண்டா, புகை போகும் பாதையில் புகை உணர்கருவி வருகிறதா, மின்விளக்குக்கு உள்ளே பிளக் பாயிண்ட் வேண்டுமா, எண்ணெயும் திரியும் வைக்க இழுப்பறை உண்டா. மாமியார் மாமனாரிடம் திசையைப் பற்றிக் கேட்பதை வரைபடத்துக்கு முன் செய்யுங்கள். வயர் இழுத்து டைல்ஸ் ஒட்டிய பிறகு 'கிழக்குப் பார்த்து இருக்கட்டுமே' என்று ஒரு சொல் வந்தால், சுவரை மறுபடி உடைக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமும் வரும். சமையலறையிலும் அப்படித்தான். மாவாட்டும் கிரைண்டர் எங்கே நிற்கும், அதற்கு மேல் இருக்கும் அலமாரி இடிக்காமல் மூடியைத் திறக்க முடியுமா, அதற்கென்று தனி பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், அடுப்பு ஆகியவற்றின் அகலம், உயரம், ஆழத்தை எழுதாமல் யாரிடமும் விலை கேட்காதீர்கள்.

மூன்று குத்தகையாளர்களிடம் கேட்டால் போதும். ஏழு பேரிடம் கேட்பது தெளிவைத் தராது, முடிவைத்தான் தள்ளிப்போடும். மூவருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள், அப்போதுதான் விலையை ஒப்பிட முடியும். வீவக பட்டியலில் பதிவான குத்தகையாளரா என்பதை இணையத்தில் நீங்களே பாருங்கள். பணத்தை வேலை முடியும் கட்டங்களோடு கட்டிப்போடுங்கள். 'அடுத்த மாதம்' என்று தேதியோடு கட்டிய தவணை, வேலை நின்றாலும் வந்துவிடும்.

காத்திருப்புகளுக்குத் தனி ஏடு வையுங்கள். நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் போதும், நான்கு கட்டம்: என்ன, யாரிடம், என்று கேட்டோம், என்று மறுபடி கேட்க வேண்டும். உதாரணமாக, 'திருத்திய விலைப்பட்டியல் / குத்தகையாளர் / 23-7 / 27-7'. நான்காவது கட்டம்தான் உயிர். அது இல்லாவிட்டால் 'அவர் அனுப்பினாரா, இல்லையா' என்ற கேள்வி பஸ்ஸிலும் குளியலறையிலும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். முடியாத வேலை மனத்தைக் குடைவது உண்மை. ஆனால் அதை எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்தக் குடைச்சல் குறைகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். வேலை முடிய வேண்டும் என்றுகூட இல்லை. படுக்கப் போகுமுன் தேதி போட்டு எழுதிவிட்டால் தூக்கம் வரும்.

வாட்ஸ்அப் பற்றி ஒரு வார்த்தை. குத்தகையாளர் குழுவில் குரல் பதிவாக எடுத்த முடிவு, மூன்று வாரம் கழித்து யாருக்கும் கிடைக்காது. பேசி முடித்ததும் 'பேசியபடி: பெரிய குளியலறைத் தரை, சொரசொரப்பான சாம்பல் நிறம், 30 × 60' என்று ஒரு வரி எழுத்தில் போட்டு, அவரிடம் 'சரி' வாங்கிவிடுங்கள்.

இனி உங்கள் நேரம். மாலை ஏழு மணிக்கு எம்ஆர்டி ரயிலிலிருந்து வீடு வந்து, சமைத்து, மகனின் வீட்டுப்பாடம் பார்த்து, ஒன்பதரைக்குத்தான் மூச்சு விடுவீர்கள். வார நாளில் உண்மையாகக் கிடைப்பது 45 நிமிடம். ஐந்து நாளுக்கு 3 மணி 45 நிமிடம். சனிக்கிழமை காலை இரண்டே கால் மணி நேரம் ஒதுக்கினால் மொத்தம் வாரத்துக்கு 6 மணி நேரம். ஞாயிறை விட்டுவிடுங்கள்; தேக்கா சந்தை, துணி துவைப்பு, உறவினர் வீடு என்று அது ஏற்கெனவே நிறைந்திருக்கிறது.

அந்த ஆறு மணி நேரத்துக்கும் வேலை போடாதீர்கள். மனிதர்கள் தங்கள் வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிப்பதில் தொடர்ந்து தவறுகிறார்கள். கனடாவில் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற ஆய்வாளர்கள் பட்ட ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். 1994-இல் வெளியான முடிவின்படி, மாணவர்கள் சராசரியாகச் சொன்னது 33.9 நாள், ஆனது 55.5 நாள். ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆகவே 'அரை மணி நேரம்' என்று தோன்றினால் முக்கால் மணி என்று எழுதுங்கள். ஆறு மணி நேரத்தில் உங்கள் கணிப்புப்படி நான்கு மணி நேர வேலைதான் அடங்கும். வாரத்துக்கு எட்டு அரைமணி வேலைகள். அதற்கு மேல் எழுதினால் அது திட்டம் இல்லை, ஆசை.

ஒரு வேலையை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது: களைத்த இரவில், எதையும் தேடாமல், இரண்டு நிமிடத்தில் தொடங்க முடியுமா? 'இன்டர்நெட்' தேறாது. 'இப்போதைய இணைய ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்து, அடையாள அட்டையோடு முகவரி மாற்றப் பக்கத்தைத் திறந்து, பொருத்த வரும் நாள்களைக் குறிப்பது' தேறும். 'குளியலறை' தேறாது. 'கண்ணாடி, தண்ணீர்ச் சூடேற்றி, துண்டுக் கம்பி மூன்றுக்கும் உயரம் எழுதுவது' தேறும். வினைச்சொல்லில் முடியாத வரி பட்டியலில் இருந்தால் அது இன்னும் பிரிக்கப்படவில்லை என்று அர்த்தம். அதற்காக அறுபதையும் இன்றே உடைக்காதீர்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கு உரியதை மட்டும் நுணுக்கமாகப் பிரியுங்கள். நவம்பர் வேலை 'அலமாரி பொருத்துதல்' என்று மொட்டையாகவே இருக்கட்டும். தொலைவில் உள்ளதை இப்போது நுணுக்கமாக எழுதினால், நிலைமை மாறும்போதெல்லாம் திருத்தி எழுதுவதே ஒரு வேலையாகிவிடும்.

அன்றாட வேலைகள் இந்தப் பட்டியலுக்குள் வரவே கூடாது. அவற்றுக்கு நாள் கட்டுங்கள்: துணி புதன், ஞாயிறு, மளிகை ஞாயிறு, மகனின் பள்ளிப் பையும் கையெழுத்துத் தாள்களும் இரவு உணவு முடிந்ததும். தண்ணீர், மின்சாரக் கட்டணத்தை, வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோவில் போட்டுவிடுங்கள். மாமனாரின் மருத்துவச் சந்திப்புகளை ஹெல்த்ஹப் செயலியில் உங்கள் கணவரின் கைப்பேசியிலும் பார்க்கும்படி செய்யலாம். விடுப்பு எடுக்க வேண்டிய நாள்களை அதைப் பார்த்து மாதத் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

பிரித்துக்கொள்வதில் ஒரே ஒரு விதி: ஒரு வேலைக்கு ஒருவர். 'நாம் பார்த்துக்கொள்வோம்' என்று விட்ட வேலையை இருவருமே பார்க்க மாட்டீர்கள். குளியலறை முழுக்க அவர், சமையலறை முழுக்க நீங்கள் என்று பகுதியாகப் பிரிப்பது, நீ போன் செய், நான் பார்க்கிறேன் என்று துண்டாகப் பிரிப்பதை விட நல்லது. துண்டாகப் பிரித்தால், யார் எதைச் செய்தார்கள் என்று ஒருவரையொருவர் விசாரிப்பதே ஒரு வேலையாகிவிடும்.

மகனின் ஆண்டிறுதித் தேர்வு வரும் இரண்டு வாரங்களில் ஒரு முடிவும் வைக்காதீர்கள். அந்த நேரத்தில் வீட்டில் டைல்ஸ் வேலை நடக்கும். எல்லாவற்றையும் முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருந்தால் நீங்கள் எட்டிப் பார்த்தாலே போதும்.

நேரில் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நாள்கள் நான்கு. வயரிங் தொடங்கும் முன், சுவரில் சாக்பீஸால் குறித்த பிளக் பாயிண்ட்களை உங்கள் தாளோடு ஒப்பிடும் நாள். குளியலறையில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூசி, தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் வைத்திருக்கும் நாள். அன்று கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று குத்தகையாளர் பார்த்தாரா என்று கேளுங்கள். தச்சர் அளவெடுக்கும் நாள். கடைசியாக, வீட்டை ஒப்படைக்கும் நாள்: ஒவ்வொரு சுவிட்சையும் போட்டு, ஒவ்வொரு குழாயையும் திறந்து, குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அது ஓட்டையை நோக்கிப் போகிறதா என்று பாருங்கள். இவற்றுக்கு அரைநாள் விடுப்பை இப்போதே நாட்காட்டியில் உத்தேசமாகப் போட்டுவையுங்கள். மற்ற நாள்களுக்குக் குத்தகையாளர் அனுப்பும் படங்கள் போதும்.

மிச்சமிருக்கும் ஆறேழு வாரத்தைப் பற்றி யாரிடமும் சொல்லாதீர்கள், குறிப்பாகக் குத்தகையாளரிடம். அவருக்கு நீங்கள் தரும் கடைசி நாள் டிசம்பர் 10 தான். கிடைக்கும் நேரத்தை நிரப்பும் அளவுக்கு வேலை விரியும் என்று 1955-இல் எழுதிய பார்க்கின்சன், அப்போது சிங்கப்பூரில்தான், மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தார். அவர் சொன்னது அரசு அலுவலகங்களை. ஜனவரி 25 என்று தெரிந்துவிட்ட தச்சருக்கும் அது பொருந்தும்.

எந்தச் செயலி நல்லது என்று கேட்பீர்கள். தேதி உள்ளவை இருவரும் பகிரும் நாட்காட்டியில், மற்றவை ஒரே நோட்டில். மூன்றாவதாக ஒன்று வேண்டாம். வண்ண வண்ணமாக அட்டவணை போடும் செயலிகளில் அட்டவணை போடுவதே பொழுதுபோக்காகிவிடும். சனிக்கிழமை காலை முதல் இருபது நிமிடம் நோட்டைத் திறந்து மூன்றே காரியம்: காத்திருப்பு ஏட்டில் நாள் வந்தவர்களுக்குச் செய்தி அனுப்புவது, அடுத்த வாரத்துக்கு எட்டு வேலை எடுப்பது, இரண்டு வாரத்துக்குள் எடுக்க வேண்டிய முடிவுகளைக் கணவரோடு பேசுவது. ஒரு வாரம் தவறினால் விட்டதையெல்லாம் அடுத்த வாரத்தில் கொண்டுபோய்த் திணிக்காதீர்கள். மறுபடி எட்டு மட்டும் எடுங்கள்.

விட்டுப்போகக்கூடிய சிறு வேலைகள், மறக்காமல் இருக்க: மின்சாரம், தண்ணீருக்கு எஸ்பி குழுமத்தில் கணக்கு, இதைச் சாவி வாங்கும் வாரத்திலேயே முடியுங்கள், இல்லாவிட்டால் குத்தகையாளரால் வேலை தொடங்க முடியாது. குழாய் எரிவாயு என்றால் அதைத் திறந்துவிட ஆள் வரும் நாளில் வீட்டில் யாராவது இருக்க வேண்டும், ஜனவரி தொடக்கத்தில் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சோபா, மெத்தையை அகற்ற நகர மன்றத்தைக் கேளுங்கள். மாதத்துக்குச் சில பொருள்கள் இலவசமாக எடுப்பார்கள், ஆனால் புதுப்பிப்புக் குப்பையை எடுக்க மாட்டார்கள், அது குத்தகையாளர் பொறுப்பு. குடிவந்த 28 நாளுக்குள் அடையாள அட்டை முகவரியை மாற்ற வேண்டும். இணையத்தில் பத்து நிமிட வேலைதான், ஆனால் அதை உறுதிசெய்யும் எண் தபாலில் புது முகவரிக்கு வரும். ஆகவே சாவி வாங்கும் நாளிலேயே, கீழ்த்தளத் தபால் பெட்டியின் சாவியும் அந்தக் கொத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.